துரையின் கோல்ஃப் மட்டைக்குப் பொருத்தம் பார்த்த கதை

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. துரையின் கோல்ஃப் மட்டைக்குப் புதுத் தண்டு போட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஒரு தடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடியைப் போடுவது. வீடு கூட்டுகிற தும்புத்தடிக்குக் கம்பு மாற்றத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை என்றுதான் நினைத்தேன். நான் நினைத்தவை எதுவும் அந்த நாட்களில் சரிவந்ததில்லை என்பதை அப்போது நினைக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு தேயிலைக் கொம்பனியில் கிளாக்கர். இருப்பது வெள்ளவத்தையில், மூன்று பேர் ஒரு அறையைப் பங்குபோட்ட போடிங் ஒன்றில். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. ஆனால் இன்னும் நிரந்தரமாக்கவில்லை. நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் பெரிய துரை, வெள்ளைக்காரர்.

அந்தக் கையெழுத்துக்காக இன்னொருவரும் காத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர். சிக்னல் விழாமல் ரயிலை விட்டுப் பழக்கமில்லாத மனிதர். உத்தியோகம் நிரந்தரம் என்று துரை எழுதிய கடிதத்தைக் கண்ணால் கண்டால்தான் ஆவணியில் கலியாணம் என்று சொல்லிவிட்டார். ஆவணி பிறக்க இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, கோயில் வீதியில், அதுவும் பக்கவாட்டில் கண்டிருந்தேன். எனக்கு அந்தப் பக்கமே போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை துரை கூப்பிட்டார். மேசையில் ஒரு மட்டை கிடந்தது. கோல்ஃபில் முதல் அடியைத் தூரத்துக்கு அடிப்பதற்கென்று ஒரு மட்டை உண்டு. ட்ரைவர் என்பார்கள். தலை மரக்கட்டை, தண்டு நீளம். அந்தத் தண்டு நடுவில் வெடித்திருந்தது.

கொழும்புக் கடைகளில் தண்டு இல்லையாம். கப்பல்களில் சோல்ஜர்மார் வந்தார்கள், டின்மீன் வந்தது, கோல்ஃப் சாமான் வரவில்லை. இரும்புத் தண்டு ஒன்று யாரோ தருவதாகச் சொன்னார்களாம். ஆனால் எங்கள் துரை பழைய ஆள். இரும்பால் அடிப்பது தண்ணீர்க் குழாயால் அடிப்பது மாதிரி என்று சொன்னார். மரத்தண்டுதான் வேண்டும். நாற்பத்துநாலு அங்குலம். சனிக்கிழமை பின்னேரம் பாங்குத் துரையோடு போட்டி இருக்கிறது, அதற்குள் வேண்டும்.

நான் தலையாட்டினேன். வெளியே வரும்போது துரை தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னுடைய ஃபைல் தன் மேசையில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை பார்ப்பதாகச் சொன்னார்.

இதற்குப் பிறகு அந்த மட்டை எனக்கு மட்டையாகத் தெரியவில்லை. என் கலியாணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதாகத் தெரிந்தது.

எங்கள் கந்தோரில் தலைமைக் கிளாக்கர் பீற்றர் அண்ணை. கொட்டாஞ்சேனை ஆள், மாதா கோயிலுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். எந்தச் சிக்கலுக்கும் கொட்டாஞ்சேனையில் ஒரு ஆள் வைத்திருப்பார். இதற்கும் வைத்திருந்தார். முத்தையா ஆசாரியார் என்று யாழ்ப்பாணத்து ஆள், கட்டில், அலுமாரி செய்கிறவர், ஒரு கிளப்புக்குப் பில்லியட்ஸ் தடிகூடச் செய்து கொடுத்தவர் என்றார்.

மத்தியானம் ட்ராமில் போனேன். மட்டையைக் கண்டுவிட்டுக் கொண்டக்டர் சிங்களத்தில் இது என்ன என்று விசாரித்தான். துரையின் சாமான் என்றேன். உடனே எனக்கு ஒரு இருக்கையும் மட்டைக்கு ஒரு இருக்கையும் கிடைத்தது. அந்த நாளில் நான் அனுபவித்த மரியாதை அது ஒன்றுதான்.

ஆசாரியாருக்கு அறுபது வயது இருக்கும். மட்டையை வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளத்துக்குப் பார்த்தார். தலையைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். ஆருக்கு என்று கேட்டார். துரைக்கு என்றேன். எத்தனை அங்குலம் என்றார். நாற்பத்துநாலு என்றேன்.

ஒரு பலகைத் துண்டை எடுத்துப் பென்சிலால் கணக்குப் போடத் தொடங்கினார். பெருக்கினார், கழித்தார், மறுபடியும் பெருக்கினார். பிறகு பலகையை என் பக்கம் திருப்பினார்.

"வரவு நாலு, செலவு ஆறு. இது ஆகாது தம்பி."

எனக்கு விளங்கவில்லை. வீடு, கதவு, கட்டில் எதுவானாலும் நீளத்தைக் கணக்குப் பார்த்து, வரவு செலவை மிஞ்சுகிற அளவில்தான் செய்ய வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கட்டில்கூட அப்படிச் செய்ததுதான். அதனால்தான் அப்பாவின் கால் எப்போதும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கோல்ஃப் மட்டைக்கும் இது உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை.

இது விளையாட்டுச் சாமான் என்று சொல்லிப் பார்த்தேன். விளையாட்டில் தோற்கிறதும் செலவுதானே என்றார். துரை இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை என்றேன். கட்டிலும் நம்புகிறதில்லை, அதற்கும் பார்த்துத்தான் செய்கிறேன் என்றார்.

நாற்பத்துமூன்று போட்டால் வரவு எட்டு, செலவு ஏழு. மிச்சம் ஒன்று, அது ஒரு மிச்சமா என்று அவரே அதைத் தள்ளினார். நாற்பத்திரண்டும் நல்லது, நாற்பத்தைந்தும் நல்லது. இந்த இரண்டில் எது என்று தீர்மானிக்கத் துரையின் நட்சத்திரம் வேண்டும்.

"ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கு. அது ஆளின்ர நட்சத்திரத்தோட பொருந்த வேணும். கலியாணத்துக்குப் பாக்கிறேல்லையோ? அது மாதிரித்தான்."

கலியாணம் என்ற சொல் வந்ததும் ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

துரைக்கு ரோகிணி என்று சும்மா சொல்லிவிட்டு வேலையை முடிக்கலாம் என்று யோசித்தேன். ஆசாரியார் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பேர் அவருக்கு ரோகிணி சொல்லியிருப்பார்கள் போல.

"பொய் நட்சத்திரத்துக்குச் செய்த சாமான், செய்விச்சவனைத்தான் பிடிக்கும் தம்பி. பேந்து என்னைக் குறை சொல்லக் கூடாது."

நான் படித்தவன். லண்டன் மெட்றிக்குலேஷன் பாஸ். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அடுத்த மாதம் கலியாணத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற துணிவும் எனக்கு இல்லை. நாளைக்கு விவரத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பீற்றர் அண்ணையிடம் துரையின் பிறந்த திகதியை விசாரித்தேன். கையில் இருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார். கந்தோரில் எதைக் கேட்டாலும் கேள், அதைக் கேட்காதே என்றார். ஐம்பத்தைந்தில் ஓய்வுபெற வேண்டும் என்பது கொம்பனிச் சட்டமாம். துரைக்கு ஐம்பத்துமூன்று வயது. ஆனால் கடந்த நாலைந்து வருஷமாகவே ஐம்பத்துமூன்றாம்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிற ஆளாக இருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடிதக் கட்டோடு துரையின் அறைக்குள் போனேன். மட்டைக்கு ஒரு விவரம் குறைகிறது என்று தொடங்கினேன். என்ன விவரம் என்றார். சேர் பிறந்த திகதி என்றேன்.

துரை என்னைப் பார்த்தார். நான் துரைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தேயிலைத் தோட்டப் படத்தைப் பார்த்தேன்.

நாளையும் மாதத்தையும் சொன்னார்.

"வருஷம், சேர்?"

கோல்ஃப் மட்டைக்கும் தான் பிறந்த வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மிக மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் பயந்து ஓடியிருப்பேன். மெதுவாகக் கேட்டதால் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் வாயில் வந்தது இதுதான்: வயது கூடக் கூடத் தோள் இறுகிவிடும் சேர், அதற்கேற்றபடி தண்டை வளைகிற மரத்தில் போட வேண்டும், வாலிபனுக்கென்றால் விறைப்பான மரம் போடலாம், ஆசாரியார் அளவாகச் செய்கிறவர்.

இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. அந்த நேரத்தில் இட்டுக்கட்டியது. உண்மையாகவே மட்டைக்குத் தண்டு பொருத்துகிற ஆட்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று பல வருஷத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

துரையின் முகம் கழுத்திலிருந்து மேலே மேலே சிவந்துகொண்டு போனது. ஒரு துண்டுத் தாளை எடுத்து ஒரு வருஷத்தை எழுதி, நாலாக மடித்து, மேசைக்கு மேலால் தள்ளிவிட்டார். விறைப்பான மரம் போடச் சொல் என்றார்.

நான் தாளை எடுத்தேன். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"பிறந்த நேரமும் தெரிந்தால், சேர்..."

வெளியே போ என்றார்.

பீற்றர் அண்ணை அந்தத் தாளை விரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கணக்கில பாத்தா துரை இந்தக் கந்தோருக்குச் சூப்பரிண்டனாய் வரேக்குள்ள அவருக்கு வயசு பதினாலு."

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. துரை எழுதிய பொய்யை அப்படியே கொடுப்பது ஒன்று. ஆனால் பொய் நட்சத்திரம் செய்விக்கிறவனைத்தான் பிடிக்கும். செய்விக்கிறவன் நான். மெய் வருஷத்தைக் கண்டுபிடிப்பது மற்றது. பீற்றர் அண்ணையிடம் கெஞ்சினேன். ஆவணியையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் அவர் எழும்பிப் போய் ஒரு பழைய அலுமாரியைத் திறந்தார். துரை இருபது வருஷத்துக்கு முன்னர் தன் கையாலேயே நிரப்பிய இன்சூரன்ஸ் தாள் ஒன்று வந்தது. துரைக்கு ஐம்பத்தெட்டு வயது.

நான் இதைக் காட்டவில்லை, நீர் இதைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறந்த நேரத்தைக் கேட்டேன். வெள்ளைக்காரர் எல்லாரும் தேத்தண்ணி நேரத்தில்தான் பிறக்கிறவர்கள், நாலரை என்று போடும் என்றார்.

பின்னேரம் மறுபடியும் கொட்டாஞ்சேனை. என் மடத்தனம், இரண்டு வருஷத்தையும் ஆசாரியாரிடம் சொல்லிவிட்டேன். தாளில் இருப்பது இது, மெய் இது என்று. மறைக்கத் தெரியாதவனிடம் உண்மையைக் கொடுக்கவே கூடாது.

ஆசாரியார் பழைய பஞ்சாங்கக் கட்டு ஒன்றை அவிழ்த்தார். சீமையில் சூரியன் பிந்தித்தானே உதிக்கிறது என்று அதற்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினார். கால் மணி நேரம் கணக்குப் போட்டார். பொய் வருஷத்துக்கு நாற்பத்தைந்து அங்குலம் பொருந்தியது. மெய் வருஷத்துக்கு நாற்பத்திரண்டு.

துரை கேட்டது நாற்பத்துநாலு. நான் மெய்யைப் போடச் சொன்னேன். 

அடுத்தது மரம். துரை விறைப்பான மரம் கேட்டார் என்றேன். ஆசாரியார் சிரித்தார். ஐம்பத்தெட்டு வயதுத் தோளுக்கு விறைப்பு மரம் போட்டால் மூன்றாம் அடியில் தோள் பிடித்துக்கொள்ளும் என்றார். நான் காலையில் இட்டுக்கட்டிய பொய்யை இவர் சாத்திரமாகவே சொன்னார்.

முதிரையை எடுத்தார், பாரம் என்று வைத்தார். பாலையை எடுத்தார், வளையாது என்று வைத்தார். அந்த நேரம் முகத்துவாரத்து மீன்காரர் ஒருவர் தோளில் காத்தடியோடு தெருவில் வந்தார். தடியின் இரண்டு பக்கமும் கூடை தொங்கியது. அவர் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் தடி வளைந்து நிமிர்ந்தது. ஆசாரியார் அவரை மறித்தார். கூடைகளை இறக்கச் சொன்னார். தடியை வாங்கி என் கையில் தந்து வீசச் சொன்னார்.

கொட்டாஞ்சேனைத் தெரு நடுவில், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, மீன் வாடையடிக்கிற காத்தடியை நான் வீசினேன். நாய் ஒன்று குரைத்தது. எதிர்வீட்டுப் பெண்கள் படலைக்கு வந்துவிட்டார்கள். மீன்காரர், ஐயா எதற்கு என் தடியால் காற்றை அடிக்கிறார் என்று கேட்டார். ஆசாரியாரோ தடியின் நடுவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கமுகு. இதுதான் துரைக்குத் தோதான மரம்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டை தயாராகிவிட்டது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கமுகு கறுப்பும் பழுப்புமாக வரிவரியாய் மினுங்கியது. பிடியில் தோல் சுற்றி, கழுத்தில் நூல் கட்டி, அரக்குப் பூசியிருந்தார். தலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். ட்ராமில் இருந்துகொண்டு அந்தப் பொட்டைக் கைலேஞ்சியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பொட்டுப் போனது, வாசம் போகவில்லை.

கோல்ஃப் மைதானத்தில் துரை மட்டையை வாங்கி நிலத்தில் ஊன்றினார். கொஞ்சம் குனிந்து பார்த்தார். இது கட்டையாக இருக்கிறதே என்றார்.

"புது மரம், சேர். பழகப் பழக நீளும்."

உலகத்தில் எந்த மரமும் பழகப் பழக நீண்டது கிடையாது. துரை மட்டையின் தலையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கிவிட்டார்.

பாங்குத் துரை சின்ன வயசுக்காரர், புதிசாய் வந்தவர். அவர் முதலில் அடித்தார். பந்து நல்ல தூரம் போனது. பிறகு எங்கள் துரை நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். பீற்றர் அண்ணையின் மாதாவையும் ஒருதரம் கூப்பிட்டுவைத்தேன்.

சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து பாங்குத் துரையின் பந்துக்கு மேலால் போய், அதையும் தாண்டி விழுந்து, உருண்டது. பத்து வருஷத்தில் இப்படி ஒரு அடி அடித்ததில்லை என்று துரையே சொன்னார். கமுகு வளைந்து நிமிர்ந்த வேகம் தோளுக்கு வேலை வைக்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அப்படித்தான் அடித்தார். பாங்குத் துரை தோற்றுப்போய்க் கைகொடுத்தபோது எனக்கும் கைகொடுத்தார்.

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. மனதுக்குள் பந்தல் போட்டுவிட்டேன். மேளகாரரையும் பேசிவிட்டேன்.

துரை கார்க் கதவைத் திறந்து என்னை ஏறச் சொன்னார். இதைச் செய்த மனிதரை இப்போதே பார்க்க வேண்டும் என்றார்.

பந்தல் சரிந்தது.

அவர் இன்றைக்கு வீட்டில் இருக்கமாட்டார் என்றேன். பார்ப்போம் என்றார். தெரு மிகவும் ஒடுக்கம் என்றேன். நடப்போம் என்றார். அந்த மனிதருக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது என்றேன். அதற்குத்தானே நீ இருக்கிறாய் என்றார்.

ஆசாரியார் வாசலிலேயே இருந்தார். துரைக்கு ஒரு நல்ல முக்காலியைத் தட்டிப் போட்டார். அதன் நீளத்துக்கும் வரவு செலவு பார்த்திருப்பார். இந்த மட்டையின் ரகசியம் என்ன என்று கேட்கச் சொன்னார் துரை. நான் கேட்டேன். ஆசாரியார் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நிதானமாகத் தொடங்கினார்.

"என்ன ரகசியம் தம்பி? ஐயாவுக்கு அம்பத்தெட்டு வயசு. அந்த வயசுத் தோளுக்கு விறைச்ச மரம் கூடாது எண்டு வளையிற மரம் போட்டனான். நீளத்திலயும் ரெண்டு அங்குலம் குறைச்சனான்."

துரை என்னைப் பார்த்தார்.

வாலிபத்தில் இருக்கிற மனிதருக்கேற்ற பலமான மரமாகத் தேடிப் போட்டதாகச் சொல்கிறார் என்று இங்கிலீசில் சொன்னேன்.

ஆசாரியார் நிறுத்தவில்லை. "தாளில ஐயா எழுதின வருஷம் பொய் எண்டு தம்பிதான் சொன்னவர். அதுக்குச் செய்திருந்தா மட்டை மூண்டு அங்குலம் கூடியிருக்கும்."

துரை மறுபடியும் என்னைப் பார்த்தார்.

தங்களுடைய கையெழுத்து மிகவும் நன்றாக இருக்கிறது என்கிறார் என்றேன்.

துரை பைப்பை எடுத்தார். புகையிலையை அடைத்தார். பற்றவைத்தார். பிறகு ஆசாரியார் பக்கம் திரும்பினார்.

"இது காத்தடி போடுற கமுகு தானே, ஆசாரி?"

தமிழில் கேட்டார். மலையகத்துத் தமிழ், சுத்தமாக.

ஆசாரியார் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஓம் ஐயா, நல்லாய் விளைந்த கமுகு என்றார். இரண்டு பேரும் மரங்களைப் பற்றிக் கால் மணி நேரம் கதைத்தார்கள். நான் அந்த வாசலில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

காரில் திரும்பினோம். வெள்ளவத்தைச் சந்தியில் என்னை இறக்கிவிடும்போதுதான் துரை வாயைத் திறந்தார்.

"பத்து வருசம் அட்டன்லே சின்னத்தொரையா இருந்தேன். தமிழ் தெரியாமே கொழுந்து வருமா?"

கார் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். போடிங்கில் கோழிக்கறி. நான் தொடவில்லை. என் பங்கை மற்ற இரண்டு பேரும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். வேலை போனால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படி எழுதுவது என்று ஒரு கடிதம் தொடங்கினேன். "மாமா அவர்களுக்கு" என்று எழுதிவிட்டு, இனி மாமா என்று எழுதலாமா என்று யோசித்து அதை வெட்டினேன். கோயில் வீதியில் கண்ட அந்தப் பக்கமுகம் வந்து வந்து போனது. உண்மையைச் சொன்னால், அன்று இரண்டு தரம் அழுதேன்.

திங்கட்கிழமை துரை கூப்பிட்டார்.

மேசையில் என் ஃபைல் திறந்திருந்தது. அதன் மேல் தட்டெழுத்தில் அடித்த கடிதம் ஒன்று. தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன். நிரந்தரம்! கீழே கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

என் வேலை திருப்தி என்று துரை இங்கிலீசில் சொன்னார். மட்டை விஷயத்தில் நான் எடுத்த சிரத்தை கந்தோரில் வேறு யாருக்கும் வராது என்றார். என் மொழிபெயர்ப்புத் திறமையைக் குறிப்பாகப் பாராட்டினார். பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். பேனையின் முனை தாளுக்குக் கிட்ட வந்துவிட்டது. 

பேனை அங்கேயே நின்றது. துரை நிமிர்ந்தார்.

"இது ஆடி மாசம் இல்லே?"

ஓம் சேர் என்றேன். வேறு என்ன சொல்ல.

"ஆடியிலே புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது. நீ மட்டைக்கே நச்சத்திரம் பாக்கிற ஆளு. ஒன் உத்தியோகத்துக்கு நான் நாள் பாக்காமே கையெழுத்துப் போடலாமா? ஒனக்குத்தானே கெடுதி."

பேனையை மூடினார். கடிதத்தை ஃபைலுக்குள் வைத்தார். ஃபைலை மேசை லாச்சிக்குள் வைத்தார். லாச்சியைப் பூட்டினார்.

இதையெல்லாம் நாங்கள் நம்புகிறதில்லை சேர் என்று சொல்ல வாய் எடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது.

ஆவணி பிறந்த அன்று காலை நான் துரையின் அறை வாசலில் நின்றேன். அறை பூட்டியிருந்தது. துரை ஒரு மாதம் லீவில் நுவரெலியாவுக்குப் போய்விட்டார், மட்டையையும் கொண்டுபோயிருக்கிறார் என்றார் பீற்றர் அண்ணை. லாச்சித் திறப்பு எங்கே என்று கேட்டேன். அதையும் கொண்டுபோயிருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பத்துப் பக்கத்தில் விளக்கம் எழுதினேன். சிக்னல் இன்னும் விழவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஒரு மாதம் கழித்துத் துரை திரும்பி வந்து, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை என் கையில் தந்தார். கடிதம் முழுக்க இங்கிலீசு. திகதியை மட்டும் தன் கையாலேயே தமிழில் எழுதியிருந்தார்: புரட்டாசி முதலாந் திகதி.

எங்கள் ஆட்கள் புரட்டாசியில் கலியாணம் வைப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.